முருகன் காலடியில் வைத்த எட்டு எழுத்துகள்

திண்டிவனத்தில் கடைப் பெயர்ப்பலகைகளுக்கு எழுத்து வெட்டுகிறவன் நான். வீடு விழுப்புரம். காலையில் ரயிலேறிப் போவேன், சாயங்காலம் பாசஞ்சரில் திரும்புவேன். படித்தது பத்தாவது, அதுவும் தமிழ் மீடியம். இங்கிலீஷில் எத்தனை மார்க் வாங்கினேன் என்று கேட்காதீர்கள், கோபம் வரும். ஆனால் இங்கிலீஷ் எழுத்து வேறு சமாச்சாரம். மெஷின் வெட்டிப்போட்ட அக்ரிலிக் எழுத்தை எடுத்து, ஓரத்தை அரத்தால் தேய்த்து, துணியால் துடைத்து, வரிசையாக அடுக்கிப் பார்ப்பதுதான் என் வேலை. இருபத்தாறு எழுத்தும் என் கைக்குள் பழகியவை.

அப்படித்தான் ஒருநாள் அந்தப் பைத்தியம் பிடித்தது. ஏதோ கிளினிக்குக்கு HEART என்று ஐந்து எழுத்து வெட்டி மேஜையில் வைத்திருந்தேன். கரண்ட் போய்விட்டது. சும்மா இருக்காமல் முதலில் இருந்த H-ஐ எடுத்துக் கடைசியில் வைத்தேன். EARTH! ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எர்த் என்றால் எனக்குத் தெரியும், கரண்ட் வேலையில் மண்ணுக்குள் இறக்குகிற கம்பி. மொபைலில் அகராதியைத் திறந்து பார்த்தால் பூமி, மண் என்று போட்டிருக்கிறது. இதயம் என்று வெட்டிய அதே ஐந்து துண்டு, ஒன்றை நகர்த்தினால் மண்! "இங்க பாருங்க, இங்க பாருங்க!" என்று கத்தினேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு வெட்டச் சொன்னா சீட்டு ஆடிக்கினு இருக்கியா?" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான், அது சீட்டு மாதிரி விடாது. அன்றிலிருந்து எந்தப் பலகை வந்தாலும் முதலில் கலைத்துப் பார்ப்பேன், அப்புறம்தான் கட்டுவேன். ஜூஸ் கடைக்காரர் LEMON கேட்டார். எலுமிச்சம்பழத்தைக் கலைத்தால் MELON, முலாம்பழம்! டியூஷன் சென்டருக்கு STUDY என்று வெட்டினேன், படிப்பைப் புரட்டினால் DUSTY, தூசி படிந்தது. அதைப் போய் அந்த வாத்தியாரிடமே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பலகையை ஜல்தியாகக் கொடு என்றார். PAINTER என்று ஒருவர் கேட்டு வந்தபோது, அதே ஏழு எழுத்தில் REPAINT வந்தது, மறுபடியும் வண்ணம் அடி என்று அர்த்தம். பெயிண்ட்டருக்கு அதைச் சொன்னதும் மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரியா அடிக்கலன்னா அதான் சார் ஆவும்!" என்றார்.

முகையூரில் என் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டே CARE, RACE, ACRE மூன்றும் ஒரே நாலு எழுத்து என்று விளக்கினேன். கவனிப்பு, பந்தயம், ஏக்கர். மாமனார் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த ஏக்கர மட்டும் ரெண்டாக்கிக் காட்டுங்க மாப்ள, மத்தது உங்களுக்கே இருக்கட்டும்" என்றார்.

என் மனைவிதான் இதில் ரொம்ப அவதிப்பட்டவள். சாப்பிடும்போதும் சொல்லுவேன், பல் தேய்க்கும்போதும் சொல்லுவேன். "அரிசியில கல்லு பொறுக்கச் சொன்னா கண்ணு தெரியல, எழுத்து மட்டும் நல்லா பொறுக்கிக்கினு திரியறீங்க" என்பாள். ஊரில் யாராவது விசாரித்தால், "அவருக்கு நோய் இல்ல, எழுத்துதான்" என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் அவள் சொல்லும் விதத்தில் சிரிப்பும் வந்துவிடும்.

அவள் தையல்காரி. விழுப்புரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தில் பதினோரு வருஷம் ஆல்ட்ரேஷன் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜாக்கெட்டைப் பிரித்து விடுவது, சுடிதாரின் பக்கத்தைப் பிடிப்பது. மேலே ஏசியில் துணி விற்கும், கீழே ஃபேன் காற்றில் இவள் வெட்டுவாள். வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "ஆல்ட்ரேஷன்!" என்றுதான் கூப்பிடுவார்கள். போன தை மாதம் திடீரென்று, "நான் நின்னுட்டேன்" என்று வந்து நின்றாள். சொந்தமாகக் கடை போடப்போகிறாளாம். பாண்டி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் சின்ன இடம் பார்த்துவிட்டாளாம். நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "பேருல மட்டும் ஆல்ட்ரேஷன்னு வரக் கூடாது. சொல்லிட்டேன்."

பெயருக்கு எண் பார்க்கிறவர் திண்டிவனத்தில், எங்கள் பட்டறையிலிருந்து இரண்டு கடை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்காமல் கடை திறக்கிற ஆளைக் காண்பது கஷ்டம். இங்கிலீஷில் பெயரை எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் போட்டு, கூட்டி, பிறந்த தேதிக்கு ஒத்து வருகிறதா என்று பார்ப்பார்கள். அவர் என் மனைவியின் தேதியை வாங்கிக்கொண்டு, தாளில் கூட்டிக் கழித்து, DESIGNER என்று எழுதிக் கொடுத்தார். வடிவமைக்கிறவர். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தத் தாளை மடித்து மஞ்சள் பையில் வைத்தவள், ரயிலில் நாலு தடவை எடுத்துப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. என் கடை பேர்ல உங்க வெளையாட்டக் காட்டக் கூடாது. கலைக்கக் கூடாது. மயிலம் முருகன் மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். நல்ல காரியத்துக்கு வைத்த பெயரைக் கலைப்பது அபசகுனம் என்று நினைக்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டேன். கை துறுதுறுவென்றுதான் இருந்தது. ஆனாலும் அந்த எட்டு எழுத்தைத் தங்க நிறத்தில் வெட்டித் தேய்த்தபோது ஒரு தடவைகூட நான் வரிசை மாற்றவில்லை. என் வாழ்க்கையிலேயே கலைக்காமல் விட்ட ஒரே பெயர் அதுதான்.

கிருத்திகை அன்று இரண்டு பேரும் மயிலம் மலையேறி, எழுத்துகளை முருகன் காலடியில் வைத்து வாங்கினோம். எட்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். பின்பக்கம் ஆணி ஒட்ட வேண்டியிருந்ததால் நான் பட்டறைக்கு எடுத்துப் போனேன். திறப்பு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. வியாழன் சாயங்காலம் வேலையை முடித்து, எழுத்துகளை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு பாசஞ்சரில் ஏறினேன்.

வண்டி கிளம்பியது. போன் அடித்தது.

"ஏங்க." அவள் குரலே சரியில்லை. "எதிர்ல ஒரு ஷட்டர் மூடியே கெடந்துதில்ல, அது தெறந்துட்டாங்க. இன்னிக்கே தெறந்துட்டாங்க. தையக் கடைதான். பேரு இன்னா தெரியுமா?"

"என்னா?"

"டிசைனர். செவப்பு எழுத்துல. எட்டு எழுத்தும் அப்படியே."

சிவப்பு எழுத்து. எட்டு இஞ்சு உயரம். போன வாரம் அதை வெட்டியதே நான்தான்! எண் பார்க்கிறவர் அனுப்பிய ஆள் என்று சொல்லி முதலாளி அளவை மட்டும் கொடுத்தார். இவர் எல்லோருக்கும் இந்தப் பேரைத்தான் தருவாரோ என்று சிரித்துக்கொண்டே வெட்டினேன். எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் எங்களுக்குக் கிடையாது, மாட்டுகிற ஆட்கள் வேறு. அடச்சே! பெண்டாட்டியின் கடைக்கு எதிர்க்கடைப் பலகையை என் கையாலேயே தேய்த்து, துடைத்து, பளபளவென்று அனுப்பியிருக்கிறேன்.

"நாளைக்கி நான் தொறந்தா அவங்களப் பாத்து காப்பியடிச்சேன்னுதான சொல்லுவாங்க?" அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வேற பேரு வெச்சா எண்ணு மாறிப்போவும். முருகன் கால்ல வெச்ச எழுத்தத் தூக்கிப் போடவும் முடியாது. பேஜாராப் போச்சுங்க. நான் தொறக்கல. நாளைக்கி போயி பழைய எடத்துலயே கேக்கறேன். எடுத்துக்கிட்டாங்கன்னா கீழயே உக்காந்துக்கறேன்."

வைத்துவிட்டாள். பதினோரு வருஷம் அந்தக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தவள் மறுபடியும் அங்கேயே போகிறாள், அதற்கு நான் வெட்டிய எட்டுத் துண்டு அக்ரிலிக் காரணம். எனக்கு என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம். மடியிலிருந்த மூட்டையைப் பார்த்தேன். எண் மாறக் கூடாது. எழுத்து மாறக் கூடாது. பெயர் மட்டும் மாற வேண்டும்.

"ஏ!" என்று கத்திவிட்டேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா பதறிப்போனார். பெயர் மாறலாம், எழுத்து மாறாமல்! இத்தனை வருஷமாக நான் வேறு எதைச் செய்துகொண்டிருந்தேன்? சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்று ஒரு நொடி தயங்கினேன். முருகா, உன் எழுத்தைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பெட்ஷீட்டைப் பிரித்தேன்.

எதிர் சீட்டுக்காரர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு நைட் டூட்டிக்குப் போகிற நர்ஸ். "சார், இன்னா சார் இது?" என்றார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் உடனே தன் பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, சீட்டைக் காலி செய்து கொடுத்தார். எட்டு எழுத்தையும் பரப்பினோம். D, E, S, I, G, N, E, R. மயிலம் ஸ்டேஷன் வந்து போனது. மலை இருக்கிற திசையைப் பார்த்து இன்னொரு கும்பிடு போட்டேன்.

GREEN இருக்கிறதா? இருக்கிறதா! இரண்டு E-யும் இருக்கிறது, ஆனால் மிச்சம் D, S, I. ஒன்றுக்கும் உதவாது. SINGER? பாட்டுக்காரி வந்தாள், D-யும் E-யும் வெளியே நிற்கின்றன. DESIRE என்று நர்ஸ் வைத்தார், ஆசை, நல்ல வார்த்தைதான், G-யும் N-னும் பல்லிளிக்கின்றன. எட்டும் உள்ளே வந்தாக வேண்டும், ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. பேரணியில் ஏதோ எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வண்டியை நிறுத்திவிட்டார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்டேன்.

R-ஐ முன்னால் கொண்டுவந்தேன். R, E, S, I, G, N. அட, வருகிறதே! E, D. எட்டும் உள்ளே வந்துவிட்டன! நர்ஸைப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது. "ரிசைன்டு சார். வேலைய விட்டு நின்னுட்டாங்கன்னு அர்த்தம். வேணாம் சார், கடைக்கு வைக்கிற பேரா இது?" என்றார்.

RESIGNED. அவள் கடைக்கு வைத்த பெயருக்குள்ளேயே இது உட்கார்ந்திருந்ததா? இதை அவளிடம் சொல்லவே கூடாது, செத்தாலும் சொல்லக் கூடாது என்று முடிவுகட்டி, இரண்டு கையாலும் எழுத்துகளைக் கலைத்தேன். எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போனது. எங்கள் வண்டியும் நகர்ந்தது.

விக்கிரவாண்டி தாண்டியாகிவிட்டது. நர்ஸ் இறங்குவதற்குப் பையை எடுக்க எழுந்தார். நான் R-ஐக் கையில் வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். R, E. ரீ. எங்கேயோ இந்த ரீயைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோமே? பெயிண்ட்டர்! PAINTER, REPAINT! கடைசியில் இருந்த ER-ஐத் திருப்பி முன்னால் போட்டால் மறுபடியும் என்று ஆகிவிடுகிறது. R, E என்று வைத்தேன். மிச்சமிருந்தது D, E, S, I, G, N. அதைக் கலைக்கவே வேண்டாம்!

"REDESIGN!" என்று நான் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் கை தட்டினார். "ரீடிசைன் சார்! இருக்கிறத திருப்பி வேற மாதிரி வடிவமைக்கிறது! நல்ல வார்த்தை சார், ரொம்ப நல்ல வார்த்தை!" என்று சொல்லிக்கொண்டே முண்டியம்பாக்கத்தில் இறங்கினார். பிளாட்பாரத்திலிருந்து ஜன்னல் வழியாக, "கடை எங்க சார்? ஒரு சுடிதாரு இருக்குது!" என்று கத்தினார். நானும் கத்திச் சொன்னேன்.

அங்கிருந்து விழுப்புரம் வருவதற்குள் எண் பார்க்கிறவருக்கு போன் போட்டேன். ஒரே தெருவில் இரண்டு பேருக்கு ஒரே பெயரா என்று எகிறினேன். "ரெண்டு பேரும் ஒரே தேதியில பொறந்திருக்காங்க, வருஷந்தான் வேற, நான் இன்னா பண்றது?" என்றார். அப்புறம் நான் புதுப்பெயரைச் சொன்னதும் தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். "எழுத்து ஒண்ணுகூட மாறலியே? அப்பக் கூட்டுத்தொகையும் மாறாது. தாராளமா வைங்க" என்றார். வைக்கும்போது, "இத எப்பிடிப் புடிச்சீங்க?" என்று கேட்டார். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் நேராகக் கடைக்குப் போனேன். அவள் பாதி இறக்கிய ஷட்டருக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே இருந்த சிவப்பு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துணி வெட்டும் மேஜையில் எட்டு எழுத்தையும் அடுக்கினேன். எழுந்து வந்து ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தாள். அர்த்தம் சொன்னேன்.

"இருக்கறதத் திருப்பித் தெக்கிறது" என்றாள். "அப்ப ஆல்ட்ரேஷன். அதான?"

எனக்கு வந்ததே கோபம்! "ஆமா, ஆல்ட்ரேஷன்தான்! அதுல என்னா கொறஞ்சி போச்சு? ஆபரேஷன் முடிஞ்சி ஒரு அம்மா வந்தாங்களே, பாதி எளைச்சுப் போயி, பழைய ஜாக்கெட் ஒண்ணுகூட ஒக்காரலன்னு. ஆறு ஜாக்கெட்டப் பிரிச்சு அவங்க ஒடம்புக்கு மறுபடி தெச்சுக் குடுத்தது யாரு? அதப் போட்டுக்கினு அவங்க புள்ள கல்யாணத்துல நின்னாங்கன்னு நீதான சொன்ன? புதுசு தெக்கிறவங்க ஊரு பூரா இருக்காங்க. அந்த வேலைய உன்ன மாதிரி செய்ய எவ இருக்கா?" கத்திய வேகத்தில் அதுவும் வந்துவிட்டது: "இன்னொண்ணு. அந்தச் செவப்பு எழுத்த வெட்டுனதும் நான்தான்."

"யோவ்!" இஞ்சு டேப் பறந்து வந்து என் காதில் பட்டது. "எதிர்க்கடைக்கும் நீயேதான் எழுத்து வெட்டினியா?" பக்கத்தில் கத்தரிக்கோல் இல்லாதது என் நல்ல நேரம். நான் காதைத் தேய்த்துக்கொண்டே அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நின்றேன்.

பிறகு அவள் மேஜைக்குத் திரும்பினாள். R-ஐத் தொட்டுக்கொண்டே, "வழியில இன்னொண்ணும் வந்திருக்குமே?" என்றாள்.

"வரலியே."

"பொய் சொல்லாதீங்க."

மெஷின் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஜவுளிக்கடையிலிருந்து நின்றபோது அங்கே எழுதிக் கொடுத்த தாள். இங்கிலீஷில் நாலு வரி, நடுவில் அந்தச் சொல், RESIGNED. "பேரு குடுத்த மறுநாளே பாத்துட்டேன். எட்டு சீட்டுல எட்டு எழுத்து எழுதி, நீங்க வேலைக்கிப் போன அப்பறம் புரட்டிக்கினே இருந்தேன். இதுதான் வந்துது. நீங்களும் பாத்துடப் போறீங்கன்னுதான் சத்தியம் வாங்கினேன். அதுக்கப்பறமும் விடல, வேற வருதான்னு ஒரு மாசமாப் பாத்தேன். எனக்கு வரல."

என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே, நான் இல்லாத நேரத்தில் அதே ஆட்டத்தை ஆடியிருக்கிறாள்! ஒரு மாதம், தனியாக, அந்த ஒரு சொல்லோடு இருந்திருக்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மூஞ்சத் தொடைங்க, நாளைக்கி ஏணி கொண்டாரணும்" என்றாள்.

காலையில் நான் ஏணிமேல் நின்றேன், அவள் கீழேயிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வரிசையைக் கேட்கவே இல்லை. ஒன்பதரைக்குக் கற்பூரம் காட்டினோம். முகையூரிலிருந்து வந்திருந்த மாமனார் பலகையை அண்ணாந்து பார்த்து, எழுத்தை எண்ணி, "எட்டு. சரியா இருக்குது" என்றார்.

பத்து மணி இருக்கும். எதிர்க்கடைக்காரி தெருவைக் கடந்து வந்தாள், கையில் ஒரு பட்டு ஜாக்கெட். சின்னப் பெண்தான், சங்கடப்பட்டுக்கொண்டே நின்றாள். "அக்கா, நேத்து தெறப்புக்கு நானே தெச்சுப் போட்டது. கை ரொம்ப இறுக்குது. எனக்குப் பிரிச்சுத் தெக்க அவ்வளவா வராது. கொஞ்சம் பாக்கறீங்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு டேப்பை எடுத்து அந்தப் பெண்ணின் கையைச் சுற்றிப் பிடித்தாள். அளவைக் குறித்து வைக்கத் தாள் தேடினாள், புது நோட்டைப் பூஜையில் வைத்திருந்தோம். டிராயரைத் திறந்து ஜவுளிக்கடைத் தாளை எடுத்தாள், திருப்பிப் போட்டாள், பின்பக்கத்தில் எழுதினாள்: கை, ரெண்டு பக்கமும், அரை இஞ்சு பிரிக்கணும்.